சுயேச்சைகளுக்கே என் ஓட்டு

ஸ்ரீரங்கம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக ஜெயலலிதா இருந்தபோதுதான், 2011 செப்டம்பர் 15 அன்று, விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. திருச்சியின் உத்திர வீதியிலும் உறையூரிலும் திருவெறும்பூரிலும் அன்று பிளஸ் டூ படித்த பிள்ளைகள் வாங்கிய கணினிகள் பல இன்று பரண்மேல் கிடக்கின்றன. அவற்றை இயக்கிப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் விண்டோஸ் ஒரு வரி, பாஸ் லினக்ஸ் இன்னொரு வரி. பிள்ளைகளின் விரல் பெரும்பாலும் விண்டோஸ் வரிக்கே போயிற்று. மெதுவாகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டது என்று முதல் தடவை சர்வீஸ் கடைக்குப் போன கணினி திரும்பும்போது, லினக்ஸ் வரி அநேகமாக இருக்காது. கடைக்காரர் மொத்தமாக ஃபார்மட் அடித்து, கிராக் விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருப்பார். வாங்கியவரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்.

2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கும் புதிய மடிக்கணினிகளிலும் விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் அதே பாஸ் லினக்ஸ் இருக்கிறது. இடையில் ஒரு தலைமுறை மாணவர்கள் படித்து வேலைக்கே போய்விட்டார்கள். ஏற்பாடு மட்டும் மாறவில்லை. நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஒத்துவராது என்று இதை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அந்த முடிவு அவசரமானது என்பேன். நாம் அவர்களிடம் கொடுத்தது, வேறு இடத்தில் உருவான ஒரு லினக்ஸை எடுத்து அரசுப் பெயர் சூட்டிய நகல். மூலமே இலவசமாகக் கிடைக்கும்போது நகலை ஏன் கொடுக்கவேண்டும் என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. லினக்ஸ் உலகத்தில் யாரையும் சாராமல் சொந்தக்காலில் நிற்கும் வழங்கல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்கான பதில் தெளிவாகவே தெரிகிறது.

கணினிக்காரர்கள் அல்லாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்பது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூட அடிக்கமுடியாது. அதோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளாமல் சோதித்து, ஓட்டை தெரிந்ததும் அடைத்து, நம் கணினிக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரும் முழுத் தொகுப்பைத்தான் வழங்கல், அல்லது டிஸ்ட்ரோ, என்கிறோம். இந்த வேலை முழுவதையும் தாமே செய்கிறவை சுயேச்சை வழங்கல்கள். மற்றவை அவற்றிலிருந்து எடுத்துக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பவை. டெபியனிலிருந்து உபுண்டு வந்தது. உபுண்டுவிலிருந்து மின்ட் வந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக்கின் சென்னை மையம் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததுதான். 2023-ல் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்த மாயா உபுண்டுவிலிருந்து வந்தது.

சுயேச்சைகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்லவரவில்லை. தேர்தலில் போலவே இங்கும் சுயேச்சைகளில் பல ரகம். 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கெர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர்தான் இன்றும் உயிரோடிருப்பவற்றில் மூத்தது. எளிமையில் அதற்கு நிகரில்லை, ஆனால் முப்பது ஆண்டுக்கும் மேலாக அது ஒரே மனிதரின் தோளில் நிற்கிறது. 2022 பிப்ரவரியில் 15.0 வந்தபோது, அதற்கு முந்திய பதிப்பு வந்து ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. மரியாதையோடு வணங்கலாம், கல்லூரி ஆய்வகத்தை ஒப்படைக்க முடியாது. ஜென்டூவில் மென்பொருளை மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே சமைத்துக்கொள்ளவேண்டும். 2023 இறுதியில் சமைத்த பொட்டலங்களையும் கொடுக்கத் தொடங்கினார்கள் என்றாலும், அது பொறுமைசாலிகளின் வழங்கலாகவே இருக்கிறது. 2002-ல் ஜட் வினெட் தொடங்கிய ஆர்ச்சுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. புதியது எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அதன் ஆவணத் தொகுப்பு லினக்ஸ் உலகத்துக்கே பொதுச்சொத்து: வேறு வழங்கல் வைத்திருப்பவர்களும் சிக்கல் வந்தால் அங்கேதான் போய்த் தேடுகிறார்கள். துவாக்குடி என்.ஐ.டி. விடுதியில் இருக்கும் ஒரு கணினிப் பொறியியல் மாணவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது. தேர்வுக்கு முந்தைய இரவில் புதுப்பித்தால் சில சமயம் காலை வாரிவிடும், அவ்வளவுதான்.

வேலைக்கு ஏற்ற சிறிய வழங்கல்களும் இருக்கின்றன. ஆல்பைனின் அடிப்படைத் தொகுப்பு சில எம்.பி. அளவுதான். சர்வர் உலகில் அது எங்கும் பரவிக் கிடக்கிறது. அதைப் பயன்படுத்துகிறோம் என்று தெரியாமலே கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். நிக்ஸ் ஓ.எஸ். முளைத்தது ஒரு முனைவர் பட்ட ஆய்விலிருந்து. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா செய்த ஆய்வு அது. கணினியில் என்னென்ன இருக்கவேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்தால், அந்தக் கோப்பை வைத்து எத்தனை கணினியை வேண்டுமானாலும் அச்சு அசலாக அமைக்கலாம். ஒன்று கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திருப்பலாம். செமஸ்டர் தொடக்கத்தில் ஆய்வகம் முழுக்க பென்டிரைவோடு கணினி கணினியாக ஏறி இறங்கும் உதவியாளர்களின் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கற்றுக்கொள்ளக் கடினம் என்பது உண்மை. ஆனால் ஒருவர் கற்றால் ஆய்வகத்துக்கே போதும்.

ஸ்பெயினைச் சேர்ந்த ஹுவான் ரொமேரோ பார்தினெஸ் 2008-ல் தொடங்கிய வாய்ட் லினக்ஸின் கதைதான் என் வாதத்துக்கு முக்கியம். 2018-ல் அந்த நிறுவனர் தொடர்பு எல்லைக்கு அப்பால் போய்விட்டார். இணைய முகவரியும் நிரல் களஞ்சியத்தின் சாவிகளும் அவரிடம். மிச்சமிருந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவில்லை; வேறு முகவரிக்குக் குடிபெயர்ந்து வேலையைத் தொடர்ந்தார்கள். வாய்ட் இன்றும் நன்றாக நடக்கிறது. இதற்கு மாறாக, இன்டெல் என்ற பெரிய நிறுவனம் வளர்த்த கிளியர் லினக்ஸும் சுயேச்சைதான், வேகத்தில் கெட்டிக்காரப் பிள்ளை. 2025 ஜூலையில் இன்டெல் ஓர் அறிவிப்போடு அதை நிறுத்திவிட்டது. இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் கிடையாது என்றது. ஆக, சுயேச்சை என்ற பட்டம் மட்டும் போதாது. தொடங்கியவர் போனாலும், பணம் போட்டவர் கையை விரித்தாலும், வேலை நிற்காத அமைப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அந்த உரைகல்லில் உரசினால் முதலில் மின்னுவது டெபியன். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அதைத் தொடங்கினார். 1996-லேயே பொறுப்பிலிருந்து விலகினார், 2015-ல் காலமானார். டெபியன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அதற்கென்று 1997-ல் எழுதிய சமூக ஒப்பந்தம் இருக்கிறது. 1998-ல் எழுதிய அரசியலமைப்பு இருக்கிறது. தலைவரை ஆண்டுதோறும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 மென்பொருள் பொட்டலங்கள். புதிய மென்பொருள் எதுவும் முதலில் நிலையற்ற கிளையில் நுழைந்து, சோதனைக் கிளையில் ஊறி, பிறகே நிலைப்பதிப்புக்கு வரும். இந்த மெத்தனத்தைக் கேலி செய்கிறவர்கள் 2024 மார்ச்சை நினைத்துப் பார்க்கலாம். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், டெபியனின் நிலையற்ற கிளை ஓடிய கணினியில் எஸ்.எஸ்.ஹெச். என்ற தொலைநுழைவு வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நூல் பிடித்துப் போனால், எக்ஸ்.இசட். என்ற சிறு சுருக்கு மென்பொருளில் யாரோ திட்டமிட்டு, ஆண்டுக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்து, ஒரு கள்ளவாசல் வைத்திருந்தது தெரிந்தது. டெபியனின் நிலைப்பதிப்பை அது எட்டவே இல்லை. ஃபிராய்ண்ட் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில் என்பது இந்தக் கதையின் ருசியான உபரித் தகவல்.

இப்போது சார்ந்து நிற்பவற்றின் நிலையைப் பார்க்கலாம். ரெட் ஹாட் லினக்ஸை அப்படியே எடுத்து இலவசமாகக் கொடுத்துவந்தது சென்ட் ஓ.எஸ். இந்தியாவில் எத்தனையோ சர்வர்கள் அதை நம்பி ஓடின. அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று சொல்லப்பட்டிருந்தது. 2020 டிசம்பரில், 2021 இறுதியோடு சரி என்று ரெட் ஹாட் அறிவித்தது. திருச்சிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: தலைமதகை மூடினால் உய்யக்கொண்டான் வாய்க்காலின் கடைமடையில் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி தனக்கென்று லிமக்ஸ் என்ற வழங்கலை உருவாக்கியது. முதலில் டெபியனை வைத்து, பிறகு உபுண்டுவை வைத்து. 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகள் அதற்கு மாறின. 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று மாமன்றம் முடிவெடுத்தது. அதில் கட்சி அரசியலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும், ஒரு மாநகராட்சி தன் சொந்த இயங்குதளத்தைக் கட்டிக் காப்பாற்றும் வேலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது விவேகமாகத் தெரியவில்லை.

பாஸ் லினக்ஸும் அதே சுமையைத்தான் சுமக்கிறது. அதைச் செய்தவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை 2005-ல் தொடங்கியபோது, இந்திய மொழிகள் லினக்ஸில் ஒழுங்காகத் தெரிவதே பெரும்பாடு. அன்றைக்கு ஒரு தனி வழங்கலுக்கு நியாயம் இருந்தது. இன்று டெபியனின் நிறுவியைத் திறந்தால் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் நேரம், விசைப்பலகை, கடவுச்சொல் என்று கேள்விகள் தமிழிலேயே வருகின்றன. எழுத்துருக்கள் உண்டு, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க ஒரு பொட்டலம் போதும். பாஸ் தனியாகத் தரவேண்டியது என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மறுபக்கம், டெபியனில் ஓர் ஓட்டை அடைபட்டால் அந்த அடைப்பு மாணவரின் கணினிக்கு வந்து சேர நடுவில் இன்னொரு கை தேவைப்படுகிறது. அந்தக் கை எத்தனை திறமையானதாக இருந்தாலும், அது இல்லாமலிருப்பதே மேல். சிக்கல் வந்து இணையத்தில் தேடும் மாணவருக்கும் இதே கதி. டெபியன் என்று தேடினால் பதில்கள் கொட்டும். பாஸ் என்று தேடினால் சொற்பம்தான் கிடைக்கும்.

சுதேசி என்ற ஆட்சேபம் உடனே எழும். நாட்டுக்கென்று ஓர் இயங்குதளம் வேண்டாமா என்பார்கள். டெபியன் எந்த நாட்டின் சொத்தும் இல்லை. எந்த நிறுவனத்தின் சொத்தும் இல்லை. அதன் ஒவ்வொரு வரியையும் எடுத்து இங்கேயே தொகுத்து, அது தரும் பொட்டலம் மூலநிரலோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கலாம். நாட்டின் தன்னாட்சி என்று பார்த்தால் இந்தத் திறமைதான் வேண்டியது. வால்பேப்பரில் இருக்கும் சின்னத்தால் அது வந்துவிடாது. டெபியனின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. அங்கே வந்து வேலை செய்தவர்களுக்கு அது வெளிநாட்டுச் சரக்காகத் தெரிந்திருக்காது.

நகல் என்றால் தோற்கும் என்று சொல்கிறீர்களே, கேரளம் எப்படி ஜெயித்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது வலுவான ஆட்சேபம். 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி இன்று கைட் என்ற நிறுவனமாக இருக்கும் அமைப்பு, அரசுப் பள்ளிகள் முழுவதையும் லினக்ஸில் ஓட்டுகிறது. அவர்கள் கொடுப்பதும் உபுண்டுவிலிருந்து எடுத்த வழங்கல்தான். ஆனால் அவர்கள் பணத்தையும் ஆண்டுகளையும் கொட்டியது வேறு இடத்தில்: ஆசிரியர் பயிற்சியில், பாடப்புத்தகத்தில், செய்முறைத் தேர்வில். கணினியில் இரண்டு வரி காட்டி எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள் என்று அவர்கள் விடவில்லை. நம்மூரிலும் முயற்சி இல்லாமலில்லை. 2007 வாக்கில் ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது, நாடே திரும்பிப் பார்த்தது. ஓர் அதிகாரியின் பிடிவாதம் அரசு முழுவதன் வழக்கமாக வேரூன்றவில்லை. கேரளத்திடம் கற்கவேண்டியது ஆசிரியர் பயிற்சியை, வழங்கலை அல்ல.

தனித்தேவைகளுக்கு என்ன செய்வது? அதற்கு நார்வே வழிகாட்டியிருக்கிறது. பள்ளிகளுக்கென்று 2001-ல் ஸ்கோலே லினக்ஸ் என்ற திட்டம் அங்கே தொடங்கியது. அவர்கள் தனிக்குடித்தனம் நடத்திக்கொண்டே இருக்கவில்லை. தங்கள் வேலை அனைத்தையும் டெபியனுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இன்று அது டெபியன் எடு என்ற பெயரில் டெபியனின் ஒரு பகுதி. உலகத்தில் எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கான மென்பொருள்கள், தமிழ்ப் பிழைதிருத்தி, மொழிபெயர்ப்பு என்று நமக்கு வேண்டியதையும் இதேபோல டெபியனுக்குள்ளேயே சேர்க்கலாம். நாம் சேர்த்தது நம் ஆட்சி மாறினாலும், டெண்டர் மாறினாலும் அங்கேயே இருக்கும். சிங்கப்பூர்த் தமிழ்ப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரும்.

கடைசி ஆட்சேபம் கடைத்தெருவிலிருந்து வருவது. எனக்கு அதில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது. சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டி.டி.பி. கடைகள் கோரல் டிராவையும் ஃபோட்டோஷாப்பையும் நம்பிப் பிழைக்கின்றன. கணக்காளர்களின் டேலி விண்டோஸுக்கானது. ஆண்டுக்கணக்கில் வானவில் எழுத்துருவில் அடித்துச் சேர்த்த கோப்புகள் இருக்கின்றன. யூனிகோடில் தமிழ்99 வழியாக ‘கொ’ அடிக்கக் ககரம், பிறகு ஒகரம் என்று இரண்டு தட்டு; பழைய தட்டச்சு முறையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. கை பழகியவர்களை ஒரே நாளில் மாற்றமுடியாது, மாற்றச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அந்தக் கடைகள் விண்டோஸிலேயே இருக்கட்டும், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸாக இருந்தால் நல்லது. ஆனால் மாணவருக்கு இந்தத் தளைகள் எதுவும் இல்லை. அவர் எழுதுவது, படிப்பது, நிரல் பழகுவது, இணையம் பார்ப்பது அத்தனையும் டெபியனில் நடக்கும்.

பரணில் கிடக்கும் பழைய கணினிகளுக்கும் இது பொருந்தும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பழைய பிராசஸர்களை உள்ளேயே விடாது. 2011 காலத்து மடிக்கணினியில் எக்ஸ்.எஃப்.சி.இ. திரைச்சூழலோடு டெபியன் போட்டால் மின்னல் வேகம் வராது, ஆனால் கடிதம் அடிக்கலாம், பாடம் படிக்கலாம். அதைவிடப் பழைய 32 பிட் கணினி என்றால் டெபியன் 13 கைவிட்டுவிட்டது. வாய்டும் ஆல்பைனும் இன்னும் இடம் கொடுக்கின்றன. தில்லைநகரிலும் கன்டோன்மென்டிலும் ஓ.எஸ். போட்டுத் தரும் கடைக்காரர்கள் ஒரு பென்டிரைவில் டெபியனையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கல்லூரிகள் ஓர் ஆய்வகத்தையாவது மாற்றிப் பார்க்கலாம்.

மடிக்கணினிகளுக்கு டெண்டர் விடும் எல்காட் செய்யவேண்டியது இதைவிடச் சுலபம். அடுத்த டெண்டரில் பாஸ் லினக்ஸ் என்ற இடத்தில் டெபியன் நிலைப்பதிப்பு என்று எழுதவேண்டும். மிச்சப்படும் உழைப்பைக் கல்லூரிக்கு ஓர் ஆசிரியரைப் பழக்குவதில் போடவேண்டும். டெபியன் 13-க்கு நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரை இருக்கிறது. 2026-ல் பொறியியல் கல்லூரியில் சேர்கிறவர் அதற்குள் படிப்பை முடித்துவிடுவார்.